நான்கு பொருள்களில் ஒரு விளிம்பு

விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில், தெய்வத் திருமேனிகளைச் செய்யும் முறையைச் சொல்லித்தரும்படி வஜ்ரன் என்னும் மன்னன் மார்க்கண்டேய முனிவரைக் கேட்கிறான். சித்திர இலக்கணம் அறியாதவனுக்குச் சிற்ப இலக்கணம் பிடிபடாது என்கிறார் முனிவர். அப்படியானால் சித்திரத்தையே முதலில் சொல்லுங்கள் என்றால், நாட்டியம் தெரியாமல் சித்திரம் விளங்காது என்கிறார். நாட்டியத்துக்கு முன் வாத்திய இசை. வாத்தியத்துக்கு முன் வாய்ப்பாட்டு. சிற்பம் கேட்க வந்த மன்னன் பாட்டிலிருந்து தொடங்க வேண்டியதாகிறது. குப்தர் காலத்தை ஒட்டியது என்று பொதுவாகக் கருதப்படும் இந்நூலின் சித்திரசூத்திரப் பகுதியை 1920-களில் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்டெல்லா கிராம்ரிஷ். வியன்னாவில் கலை வரலாறு படித்து, தாகூரின் அழைப்பை ஏற்றுச் சாந்திநிகேதனில் கற்பிக்க வந்தவர்.

இதே கிராம்ரிஷ்தான் 1922-இல், ஜெர்மனியின் வைமார் நகரில் இயங்கிய பௌஹவுஸ் பள்ளிக்குக் கடிதம் எழுதி, அங்கிருந்த ஓவியர்களின் படைப்புகளைக் கல்கத்தாவுக்கு வரவழைத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியக் கீழைக்கலைச் சங்கத்தின் கண்காட்சியில் பால் க்ளே, கண்டின்ஸ்கி, ஃபைனிங்கர், இட்டன் ஆகியோரின் படைப்புகளும் வங்க ஓவியர்களின் படைப்புகளும் ஒன்றாக வைக்கப்பட்டன. அவர் கடிதம் எழுதியது யோஹன்னஸ் இட்டனுக்கு. இன்று பல நாட்டுக் கலைக் கல்லூரிகளில் ‘ஃபவுண்டேஷன்’ என்று வழங்கும் முதலாண்டுப் படிப்பின் வேர் பெரும்பாலும் இந்த இட்டனின் வகுப்பில்தான் இருக்கிறது.

ஆகவே கலைக்கல்வியின் தொடக்கம் பற்றிய இரண்டு பெரிய சிந்தனைகள், ஏறக்குறைய ஒரே சமயத்தில், ஒரே பெண்மணியின் மேசை வழியாகக் கடந்து போயிருக்கின்றன. ஒரு கலையைக் கற்க வருபவனுக்கு மற்றக் கலைகள் எதற்கு என்ற கேள்வியே இரண்டிலும் இருக்கிறது. நம் கல்லூரிகளில் இந்தக் கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை என்பது என் எண்ணம். இந்தியாவில் பல இடங்களில் நான்காண்டு பி.எஃப்.ஏ. படிப்பின் முதலாண்டு எல்லோருக்கும் பொது. வரைதல், வண்ணம், களிமண், அச்சு, டிசைன் என்று தனித்தனித் தாள்கள், தனித்தனி ஆசிரியர்கள், தனித்தனி மதிப்பெண்கள். பந்தியில் உட்கார்ந்தவனுக்கு எல்லாவற்றிலும் ஒரு கரண்டி வைத்தது போல ஆண்டு முடிந்துவிடுகிறது. ஒன்றில் கற்றது இன்னொன்றுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

இட்டன் சுவிட்சர்லாந்துக்காரர். ஓவியராவதற்கு முன் தொடக்கப்பள்ளி ஆசிரியராகப் பயிற்சி பெற்றவர். குழந்தைகள் கையால் தொட்டுக் கற்க வேண்டும் என்ற ஃப்ரோபலின் வழி அவருக்குப் பழக்கம். 1919-இல் பௌஹவுஸ் தொடங்கியபோது அங்கே வந்து சேர்ந்தவர்கள் பல தரப்பட்டவர்கள். போர்க்களத்திலிருந்து திரும்பியவர்கள் இருந்தார்கள். பழைய அகாதெமிகளில் சில ஆண்டு படித்தவர்களும் இருந்தார்கள். இவர்களில் யார் எந்தப் பட்டறைக்கு ஏற்றவர் என்று அறிய ஆறுமாதப் பயிற்சி ஒன்றை இட்டன் வகுத்தார். விரைவிலேயே அது அனைவருக்கும் கட்டாயமானது. பள்ளியை நிறுவிய வால்டர் க்ரோப்பியஸ் 1922-இல் வரைந்த வட்டப் படத்தில் இந்த ஆறுமாதம்தான் வெளிவளையம். அதைத் தாண்டினால்தான் மரம், உலோகம், நெசவு, கண்ணாடி, சுவரோவியம் என்ற பட்டறைகளுக்குள் போகலாம்.

வகுப்பு மூச்சுப்பயிற்சியிலும் உடலசைவிலும் தொடங்கும். பிறகு எதிரெதிர்ப் பண்புகள்: சொரசொரப்பு, வழவழப்பு, இருள், ஒளி, கனம், லேசு. குப்பையிலிருந்து பொறுக்கிய மரச்சீவல், கம்பி, இறகு, துணிக்கிழிசல் ஆகியவற்றை மாணவர் ஒட்டிச் சேர்ப்பார். கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்ப்பார். அதன்பின் அதே தொடுவுணர்வைக் கரிக்கோலால் தாளில் கொண்டுவருவார். முட்செடி ஒன்றை வரைவதானால் முதலில் அதன் கூர்மையை உடலில் உணர வேண்டும், அந்த வெட்டிவெட்டிப் போகும் அசைவு கைக்கு வர வேண்டும் என்று இட்டன் எழுதியிருக்கிறார். நாட்டியம் தெரியாதவனுக்குச் சித்திரம் வராது என்ற மார்க்கண்டேயரின் சொல்லுக்கு வெகு அருகில் வருகிறது இது. பொருளின் அசைவை உடல் அறியாமல் கை அறியாது.

இட்டனிடம் குறைகளும் இருந்தன. மஸ்தாஸ்னான் என்ற சமய நெறியில் தீவிரப் பற்றுக்கொண்டு, உணவு முதல் உடை வரை மாணவர்களைத் தன் வழிக்கு இழுத்தார். க்ரோப்பியஸோடு பிணக்கு முற்றி 1923-இல் விலகினார். அவர் இடத்தில் மொஹொய்-நாஜ் வந்தார். கூடவே அதே பள்ளியில் மாணவராக இருந்த யோசஃப் ஆல்பர்ஸும் கற்பிக்கத் தொடங்கினார்.

ஆல்பர்ஸின் ஒரு வகுப்பை, அதில் அமர்ந்திருந்த ஹன்னஸ் பெக்மன் பின்னாளில் விவரித்திருக்கிறார். ஆல்பர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாளோடு உள்ளே வந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்தார். இதைக் கொண்டு ஏதாவது செய்யுங்கள், பொருளை வீணாக்காதீர்கள், அதன் இயல்பை மதியுங்கள், முடிந்தால் கத்தரியும் பசையும் இல்லாமல் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சில மணி நேரம் கழித்துத் திரும்பியபோது கோட்டைகளும் விமானங்களும் விலங்குகளும் அவர் முன் வரிசையாக நின்றன. இவற்றை வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்திருக்கலாமே என்றார் அவர். பிறகு, பார்வைக்கு மிக எளிதாக இருந்த ஒன்றைக் கையில் எடுத்தார். ஹங்கேரியிலிருந்து வந்திருந்த ஒரு கட்டடக்கலை மாணவர் தாளை நீளவாக்கில் மடித்து நிற்கவைத்திருந்தார், அவ்வளவுதான். மேசையில் கிடக்கும் தாளுக்கு ஒரு முகம்தான் தெரியும். மடித்து நிறுத்தினால் இரண்டு முகமும் தெரிகின்றன, அதன் ஓரம்கூடப் பார்வைக்கு வருகிறது, மென்மையான தாள் விறைப்பாகிவிடுகிறது என்று விளக்கினார்.

இந்தப் பயிற்சியில் ஓவியம் எங்கே, சிற்பம் எங்கே, கட்டடக்கலை எங்கே என்று பிரிக்க முடியாது. ஒரு மடிப்பில் எடை, வலு, ஒளி, நிழல், சிக்கனம் எல்லாம் அடங்கிவிடுகின்றன. நாஜிகளின் நெருக்கடியில் 1933-இல் பௌஹவுஸ் மூடப்பட்டதும் ஆல்பர்ஸ் இதே பயிற்சிகளோடு அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரிக்குப் போனார். பின்னர் 1950 முதல் யேல் பல்கலைக்கழகத்தில். பிளாக் மவுண்டனில் அவரிடம் படித்த ரூத் அசாவா, மெக்சிகோவின் தொலூக்காவில் கூடை முடைபவர்களிடம் கம்பியை வளையம் வளையமாகக் கோக்கும் முறையைக் கற்றார். அந்த ஒற்றைக் கம்பியையே கோடாகக் கொண்டு காற்றில் தொங்கும் சிற்பங்களைச் செய்தார். கூடை முடைதல் அவரிடம் வரைதலாயிற்று, வரைதல் சிற்பமாயிற்று.

ஆனால் இப்படி ஒரு துறையில் கற்றது மற்றொன்றுக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நம்பிவிடக் கூடாது. 1901-இல் தார்ன்டைக், உட்வொர்த் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்தார்கள். குறிப்பிட்ட அளவுள்ள செவ்வகங்களின் பரப்பைக் கண்ணால் மதிப்பிடச் சிலரைப் பழக்கினார்கள். பழகிய வடிவத்தில் நல்ல முன்னேற்றம். வடிவத்தையோ அளவையோ மாற்றியதும் அந்த முன்னேற்றம் வெகுவாகக் குறைந்தது. ஒன்றைப் பழகினால் மனமே பொதுவாகக் கூர்மைப்படும் என்ற பழைய நம்பிக்கையை இந்த ஆய்வு அசைத்தது. பரப்பைக் கண்ணால் அளப்பது ஓவிய மாணவனின் அன்றாட வேலை என்பதால், கலைக் கல்லூரிகள் இதைத் தங்களுக்குச் சொல்லப்பட்டதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆய்வு 1997-இல் வந்தது. பலரால் கண்ணெதிரே இருப்பதை ஏன் வரைய முடிவதில்லை என்று கோஹனும் பென்னட்டும் ஆராய்ந்தார்கள். கைத்திறன் குறைவு அதில் சிறு பங்குதான் வகிக்கிறது, முதன்மையான காரணம் பொருளைத் தவறாகக் காண்பதே என்ற முடிவுக்கு வந்தார்கள். வீட்டில் அழகாகப் படம் போடும் பிள்ளை என்று பெயரெடுத்துக் கல்லூரிக்கு வந்தவர், முதல் மாதத்தில் ஒரு ஸ்டூலை வரையத் திணறுவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. ஸ்டூலின் மேற்பலகை வட்டம் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை வரைகிறார், அங்கே தெரிகிற நீள்வட்டத்தை வரைவதில்லை.

முதலாண்டின் வேலை இந்தக் காணலைத் திருத்துவது. அதற்குப் பல பொருள்களில் கை வைக்க வேண்டும். ஆனால் எல்லாவற்றிலும் ஒரே கேள்வி தொடர வேண்டும். விளிம்பு என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். மேசை மேல் ஒரு கிளிமூக்கு மாங்காய், பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம்.

முதலில் சார்கோல். மாணவர் மாங்காயைச் சுற்றி ஒரே கனத்தில் கோடு போடுகிறார். அப்படி ஒரு கோடு அங்கே இல்லை. வெளிச்சம் விழும் தோள்பகுதியில் காயின் வெளிறிய பச்சையும் பின்னாலுள்ள சுவரும் ஏறக்குறைய ஒரே டோன். விளிம்பு கரைந்து நிற்கிறது. மூக்கு வளையும் இடத்தில் வெளிச்சமும் இருட்டும் நேருக்கு நேர் மோதுவதால் விளிம்பு கத்தி போலத் தெரிகிறது. அடிப்பக்கத்தில் காயின் நிழலும் மேசையில் விழுந்த நிழலும் சேர்ந்துவிட, காய் எங்கே முடிகிறது என்று சொல்ல முடியவில்லை. எங்கே கோட்டை விடுவது என்று முடிவெடுக்கக் கற்பதுதான் இந்தப் பயிற்சி.

அடுத்து களிமண். தாளில் அத்தனை அழகாக வந்த அந்த மூக்கு வளைவு பக்கவாட்டுப் பார்வைக்கு மட்டும் உரியது. பலகையைச் சற்றுத் திருப்பினால் மூக்கு சிறு புடைப்பாகச் சுருங்கிவிடுகிறது. இன்னும் திருப்பினால் காணாமலே போகிறது. தாளில் விளிம்பு என்று வரைந்தது, பரப்பு நம் பார்வையை விட்டு அந்தப்பக்கம் திரும்பும் இடம் என்பது இப்போது விரல்களுக்குப் புரிகிறது. ஒரு பக்கத்து உருவரையை மட்டும் பார்த்துச் செய்தவரின் மாங்காய் தட்டையாக, நடுவில் ஊதியது போல இருக்கும். அவர் மீண்டும் சார்கோலை எடுக்கும்போது, விளிம்பை நோக்கிப் போகும் நிழலை முன்போலத் தேய்த்துவிட்டுப் போக மாட்டார்; அது எப்படித் திரும்புகிறது என்று பார்ப்பார்.

மூன்றாவது லினோ. இங்கே சாம்பல் நிறம் கிடையாது. உளி எடுத்த இடம் வெள்ளை, விட்ட இடம் கறுப்பு. கை செதுக்குவது வெளிச்சத்தை. நிழல்பக்கம், பின்னணி இரண்டையும் விட்டுவைத்தால் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இடையில் ஒரு வெள்ளைக் கோடு ஓட்டினால் படம் வெறும் கோட்டோவியமாகிவிடும். சார்கோலில் தயங்கித் தயங்கிக் கரைத்த விளிம்பை இங்கே ஒரே வெட்டில் முடிவுசெய்ய வேண்டும். அச்செடுத்தால் மூக்கு மறுபக்கம் பார்த்து நிற்கிறது. இடவலம் மாறிய அந்த அச்சில், மூலத்தில் கண்ணுக்குப் படாத சாய்வுப் பிழை பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

கடைசியாக வண்ணத்தாள். ஆல்பர்ஸ் தம் மாணவர்களை வண்ணங்களைக் குழைக்கவிடவில்லை. பத்திரிகை, சுவர்த்தாள் என்று கிடைத்த வண்ணத்தாள்களை வெட்டி அருகருகே வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரே நிறம் இரண்டு பின்னணிகளில் இரண்டு நிறமாகத் தெரிவதையும், வேறுவேறு நிறங்கள் ஒன்றுபோலத் தெரிவதையும் அவர் 1963-இல் நூலாகவும் வெளியிட்டார். நம் மாங்காய்க்கு வருவோம். அதன் பச்சைக்குப் பின்னால், அதே வெளிச்ச அளவுள்ள ஒரு செங்காவித் தாளை மாணவர் தேடி வைக்கிறார். நிறங்கள் நேரெதிரானவை, ஆனால் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் இடையிலிருந்த விளிம்பு மங்கிப் போகிறது. சார்கோலில் தோள்பகுதியில் கரைந்த விளிம்பும் இதுவும் ஒரே நிகழ்வு. நிறம் விளிம்பை உண்டாக்குவதைவிட வெளிச்ச வேறுபாடு அதிகமாக உண்டாக்குகிறது என்று இப்போது சொல்லித்தரத் தேவையில்லை.

இந்த நான்கையும் நான்கு ஆசிரியர்கள் நான்கு மாதங்களில், நான்கு வேறு பொருள்களை வைத்துத் தனித்தனியாக நடத்தினால், தார்ன்டைக் கண்டதுதான் நடக்கும்: களிமண்ணில் கற்றது களிமண்ணோடு நின்றுவிடும். ஒரே காய், ஒரே கேள்வி, அடுத்தடுத்த வாரங்கள் என்றால் தொடர்பு மாணவரின் கண்ணெதிரே கிடக்கிறது. அமெரிக்காவில் லோயிஸ் ஹெட்லண்ட், எலன் வின்னர் உள்ளிட்டோர் இரண்டு கலைப் பள்ளிகளின் வகுப்புகளைக் கூர்ந்து கவனித்து 2007-இல் எழுதிய நூலில், நல்ல ஸ்டூடியோ வகுப்பில் வளரும் எட்டு மனப்பழக்கங்களைப் பட்டியலிட்டார்கள். கைநேர்த்தி அவற்றில் ஒன்றுதான். கூர்ந்து காண்பது, செய்ததைத் திரும்பிப் பார்த்துப் பேசுவது ஆகியவையும் அதே பட்டியலில் உள்ளன. நம் முதலாண்டில் மிகவும் நலிந்து கிடப்பது இந்தத் திரும்பிப் பார்த்துப் பேசுவதுதான்.

பௌஹவுஸ் வழி ஒன்றே வழி என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டுக்கே இரண்டு வழிகள் உண்டு. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கி இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கும் சென்னைப் பள்ளி ஒருபுறம். 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பட்ட சிற்பக் கல்லூரி மறுபுறம். ஸ்தபதி மரபில் பயிலும் பிள்ளை கொடிக்கருக்கு வரைவதில் தொடங்கி, அளவு முறைக்குப் போய், மெழுகு, மண், உலோகம் என்று பல பொருள்களில் பழகுகிறான். சுவாமிமலையில் ஒரு திருமேனி தொடங்கும்போது அதன் உயரத்துக்குத் தென்னை ஓலையை நறுக்கி, தாள அளவுப்படி மடிப்பார்கள். ஒடியோலை என்று அதற்குப் பெயர். முகம் இவ்வளவு, கழுத்து இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று ஓலையே சொல்லிவிடும். நவதாளத்தில் உடல் முகத்தைப் போல ஒன்பது மடங்கு. உடலின் நடுவே ஓடும் பிரம்மசூத்திரம் என்ற நூல்கோட்டிலிருந்து தலை எவ்வளவு விலகுகிறது, இடுப்பு எவ்வளவு விலகுகிறது என்று கணித்துத்தான் திரிபங்கம் அமைக்கப்படுகிறது. லைஃப் ஸ்டடி வகுப்பில் மாடலுக்கு எதிரே நின்று தூக்குநூலைப் பிடித்து, கழுத்துக்குழி எந்தக் கணுக்காலுக்கு நேராக விழுகிறது என்று பார்ப்பதும் இதே வேலைதான். ஸ்தபதி அளவைக் கொண்டு பொருள்களை இணைக்கிறார். ஆல்பர்ஸ் கேள்வியைக் கொண்டு இணைத்தார். இணைக்கும் நூல் இரண்டிலும் இருக்கிறது.

பௌஹவுஸின் தொடக்கப் பயிற்சி, கற்றதை எல்லாம் மறந்துவிட்டு வா என்று மாணவரிடம் கேட்டது. பழைய அகாதெமியின் பாவனைகளோடு வந்தவர்களுக்கு அது மருந்தாக இருந்திருக்கலாம். கும்பகோணத்துப் பட்டறையில் தந்தையின் பக்கத்திலிருந்து மெழுகு பிடித்த பையனிடமோ, காஞ்சியில் தறிக்குழியருகே வளர்ந்த பெண்ணிடமோ அதையே கேட்பது அநியாயம். அவர்களின் கையில் இருக்கும் அறிவுக்குப் பாடத்திட்டத்தில் பெயர் இல்லை என்பதற்காக அது அறிவில்லாமல் போய்விடாது. பௌஹவுஸே தன் பெண்களுக்கு அநியாயம் செய்த இடம்தான். 1922-இல் சேர்ந்த ஆன்னி ஆல்பர்ஸ் கண்ணாடிப் பட்டறையை விரும்பினார். பெண்களைப் பெரும்பாலும் அனுப்பிவந்த நெசவுக்கே அவரையும் தள்ளினார்கள். அரை மனதோடு போனவர், தொடக்கப் பயிற்சியில் பழகிய பொருளாராய்ச்சியை அங்கே தொடர்ந்தார். பெர்னாவ் ஊரில் கட்டப்பட்ட தொழிற்சங்கப் பள்ளியின் அரங்கத்துக்காக அவர் நெய்த சுவர்த்துணியின் ஒரு முகம் எதிரொலியை உள்வாங்கியது. செலோஃபேன் கலந்த மறுமுகம் ஒளியைத் திருப்பியனுப்பியது. 1930-இல் அவர் பட்டயம் பெற அந்தத் துணி வழிசெய்தது.

ஒரு கலையில் கற்றதை இன்னொன்றுக்குக் கொண்டுபோவதை இந்தியாவில் முழுமையாக வாழ்ந்து காட்டியவர் கே.ஜி. சுப்ரமணியன். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர். விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றதால் அரசுக் கல்லூரிகளின் கதவு மூடிக்கொண்டது. 1944-இல் சாந்திநிகேதனின் கலாபவனத்தில் சேர்ந்தார். பௌஹவுஸ் பிறந்த அதே 1919-இல் பிறந்த அந்தப் பள்ளியில் நந்தலால் போஸ் மாணவர்களை வயலுக்கும் சந்தைக்கும் அனுப்பினார்; சிறு அட்டைகளில் அன்றன்றைய குறிப்புகளை வரையவைத்தார்; ஆல்பனா கோலமும் சுவரோவியமும் கைவினைகளும் ஓவியத்துக்குக் கீழானவை என்று நினைக்கவிடவில்லை. அங்கிருந்து பரோடாவுக்குப் போன சுப்ரமணியன் ஓவியம், சுடுமண் புடைப்பு, மரப்பொம்மை, குழந்தைகள் நூல், சுவரோவியம் என்று எல்லாவற்றிலும் வேலை செய்தார், நூற்றுக்கணக்கானோருக்குக் கற்பித்தார். சென்னையிலும் இதற்கு ஓர் எதிரொலி உண்டு. கே.சி.எஸ். பணிக்கர் அங்குள்ள கவின்கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த காலத்தில் ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் முதலான கைவினைகளைச் செய்து விற்றார்கள்; அந்த வருமானம் ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழத் துணைநின்றது. பக்கத்துக் கலை அவர்களுக்குச் சோறும் போட்டது.

நடைமுறைக்கு வருவோம். முதலாண்டில் பொருள்களின் எண்ணிக்கையைக் குறைக்கலாம் என்பேன். சார்கோல், களிமண், லினோ, வெட்டிய தாள் ஆகிய நான்கும் மலிவானவை, கிராமத்திலிருந்து வரும் மாணவருக்கும் கட்டுப்படியாகும். எண்ணெய் வண்ணமும் கணினி மென்பொருளும் ஓராண்டு காத்திருக்கலாம். நேரத்தில் பாதியாவது எதிரே இருப்பதைப் பார்த்து வரைவதற்கு ஒதுக்கப்பட வேண்டும். இந்தப் பாதியில் மட்டும் கைவைக்கக் கூடாது. காணல் திருந்தாதவருக்கு மற்ற மூன்றும் பொழுதுபோக்காகிவிடும். ஸ்கெட்ச் எண்ணிக்கையைக் கணக்கிட்டு மதிப்பெண் போடும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு கேள்வியைச் சுற்றிச் செய்த நான்கு பொருள்களின் தொகுப்பை மதிப்பிடலாம். மாணவர் அவற்றை ஒரே சுவரோரம் வைத்து, களிமண் செய்தபின் தன் சார்கோலில் எந்த இடம் மாறியது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். அப்போது நான்கு ஆசிரியர்களும் அந்தச் சுவர் முன் இருக்க வேண்டும். புதிய கட்டடமோ கருவியோ இதற்குத் தேவையில்லை. அவர்கள் நால்வரின் கால அட்டவணையிலும் வாரத்தில் ஒரு பிற்பகலைப் பொதுவாக ஒழித்துத் தந்தால் வரும் பருவத்திலேயே தொடங்கிவிடலாம்.